கை புடிச்சாங்க

கல்யாணமாகி ஈரோட்டுக்கு வந்த புதிதில், மனைவியைக் கேலி செய்ய இளம்பரிதிக்கு ஒரே ஒரு விஷயம்தான் கிடைத்தது. அது இந்த ஊர்க்காரர்களின் மரியாதை. அவன் மன்னார்குடியில் வளர்ந்தவன். அங்கே அன்பு முற்றினால் 'டா' வரும். இங்கே அன்பு முற்றினால் இன்னொரு 'ங்க' சேர்ந்துகொள்கிறது. பூக்காரம்மா, பேருந்து நடத்துநர், தண்ணீர்க் கேன் போடுகிறவர், எல்லாரும் எல்லாரையும் வாங்க, போங்க என்கிறார்கள்.

"உங்க ஊர்ல தெருநாயைக்கூட 'அக்கட்டால போங்க'ன்னுதான் விரட்டுவீங்க போல," என்றான் ஒருநாள்.

"ஆமாங்க. அதனாலதான் கடிக்காம போகுதுங்க," என்றாள் தாரணி, சிரிக்காமல்.

எட்டு வருடமாக அவன் விடாமல் செய்துவந்த அந்தக் கேலிதான் கடைசியில் அவனையே ஏமாற்றியது.

தாரணி, செங்காந்தள் மருத்துவமனையின் நர்சுகளுக்கெல்லாம் தலைவி. பரிதி கருவி செய்கிறவன். அவன் நிறுவனத்தின் புதுக் கருவிக்குக் காப்பு என்று பெயர் வைத்ததே அவள்தான். பார்க்க மெல்லிய சாம்பல்நிற வளையல். நர்சின் கைத்தசை எப்படி அசைகிறது என்று அது ஓயாமல் படித்துக்கொண்டிருக்கும். எந்த மருந்து, எவ்வளவு, எந்த நோயாளிக்கு என்பதெல்லாம் அதற்குத் தெரியும். கை தப்பான இடத்துக்குப் போகப்போகிறது என்றால், போவதற்குச் சற்று முன்னால் மணிக்கட்டை மெல்ல இறுக்கும். வலிக்காது. பக்கத்தில் நிற்கிற தோழி கையைப் பிடித்து 'இரு' என்பது போல இருக்கும், அவ்வளவுதான்.

"கோயில்ல நோம்பி, உங்க பாஷைல திருவிழா, சாட்டினா கைல காப்புக் கட்டுவாங்க. கட்டினவங்க ஊரை விட்டு வெளிய போய்த் தங்க மாட்டாங்க. நோயாளிய விட்டுப் போகாத கைக்கு அதுதானுங்க பொருத்தமான பேரு," என்று அவள் சொன்னபோது, மூன்று வருட உழைப்புக்கு இரண்டே எழுத்தில்... இல்லை, மூன்று எழுத்தில் உயிர் கொடுத்துவிட்டாளே என்று பரிதி நெகிழ்ந்துபோனான்.

மருத்துவமனையின் முதலாளி டாக்டர் சென்னியப்பன் அதை உடனே வாங்கினார். நல்ல மருத்துவர். அறுவை அறையில் கை நடுங்காதவர். ஆனால் அடுத்தவர் கை நடுங்கினால் பொறுக்காதவர். காப்பு இறுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மார்க் குறையும் என்று அறிவித்தார். லிப்ட் பக்கத்தில் ஒரு பலகை மாட்டி, பெயரும் மார்க்கும் எல்லார் கண்ணிலும் படும்படி ஒளிரவிட்டார். சில வாரங்களிலேயே எல்லா மாடிகளிலும் மார்க் இழப்பு சுழியம் ஆனது. யாருக்கும் கை தவறவில்லை. விருந்தாளிகள் வந்தால் சென்னியப்பன் முதலில் அந்தப் பலகையைத்தான் காட்டினார். பக்கத்தில் நின்ற பரிதிக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அதெல்லாம், சென்னிமலைத் தறிக்காரர் ஒருவருக்கு, ஒருமுறை கொடுத்த மருந்தையே மறுபடி கொடுத்து, அவர் உயிருக்குப் போராடும்வரை.

பிழைத்துக்கொண்டார், நல்லவேளை. மருந்து கொடுத்த சுகந்தியின் கையைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காப்புக்கும் தோலுக்கும் நடுவே கொஞ்சம் பஞ்சு. பஞ்சு இருந்தால் காப்பால் தசையைப் படிக்க முடியாது. இறுக்காது. மார்க் குறையாது. பிறகு மற்றவர்களைப் பார்த்தார்கள். பாதிப் பேர் பஞ்சு வைத்திருந்தார்கள். மீதிப் பேர், வேலை செய்யும்போது பெண்கள் வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொள்வார்களே, அப்படி ஏற்றிவிட்டிருந்தார்கள். வளையல் போடாத ஓர் ஆண்பிள்ளை செய்த கருவி அது. பரிதிக்கு இது தோன்றியதே இல்லை.

மற்றவர்களைப் பஞ்சை எடுக்கவைத்துவிட்டு, சுகந்தியை வேலையை விட்டு அனுப்பினார்கள். தாரணி சென்னியப்பன் அறைக்குப் போய் நின்றாள்.

"அவ பஞ்சு வெச்சது காப்புக்கு இல்லீங்க ஐயா. உங்க பலகைக்கு."

"தப்புப் பண்ணுனவங்கள கண்டிக்காம விட்டா தப்பு நிக்குமா அம்மிணி?"

"கண்டிச்சா தப்பு நிக்காதுங்க. தப்பச் சொல்றதுதான் நிக்கும். எனக்கு மூணாவது மாடிய மட்டும் குடுங்க. அங்க மார்க் வேண்டாம். ஆடி நோம்பி வரைக்கும் பாருங்க. சரியா வரலைன்னா நீங்க சொல்ற மாதிரியே மார்க் போட்டுக்கலாமுங்க. ஆனா அன்னிக்கு நான் இங்க இருக்க மாட்டன்."

சென்னியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பதினைந்து வருடமாகத் தன்னிடம் வேலை செய்கிறவள். குரலை உயர்த்தியதே இல்லை. இப்போதும் உயர்த்தவில்லை. சரி என்றார்.

மூன்றாவது மாடியில் முதல்நாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, "இன்னிக்கு யார் கைய காப்பு புடிச்சுது?" என்று கேட்டாள் தாரணி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளே தொடங்கினாள்.

"எனக்குப் புடிச்சுதுங்க. பாப்பாத்தியம்மா ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துப் படுக்கைல இருக்காங்கன்னு தெரியும். தெரிஞ்சும் கை மாறிப் போச்சு. இறுக்கிப் புடிச்சுது. நின்னுட்டேன்."

தலைவிக்கே புடிச்சுதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரகதம்தான், அந்த மாடியின் மூத்த நர்ஸ், மெல்லக் கேட்டாள்:

"அப்ப ஒரு பாப்பாத்தியம்மாவ அந்தக் கோடிக்கு மாத்தீரலாமுங்களா?"

அவ்வளவுதான். யார் என்ற கேள்வியே வரவில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்ற கேள்வி வந்துவிட்டது. மறுநாள் மரகதத்துக்குப் புடிச்சுது. அதற்கு மறுநாள் கவியரசு என்ற ஆண் நர்சுக்கு. மாதம் திரும்புவதற்குள், 'கை புடிச்சுதுங்க' என்பது அந்த மாடியில் 'சாப்டீங்களா' என்பது போல ஆகிவிட்டது. சொன்னவர்களுக்கு மற்றவர்கள் 'நல்லாச் சொன்னீங்க' என்றார்கள். அதுவும் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, தானாக வந்தது.

சித்திரை முடிகிற சமயம் ஒரு கோடைமழை. பெருந்துறைச் சாலையில் மரங்கள் சாய்ந்தன. மருத்துவமனை மொட்டைமாடிக் கம்பத்தில் மின்னல் இறங்கி, கருவிகளெல்லாம் ஒருமுறை அணைந்து மறுபடி உயிர்பெற்றன. பரிதி தன் அலுவலகத்திலிருந்தே திரையைப் பார்த்தான். எல்லாக் காப்புகளுக்கும் நேராகப் பச்சை எரிந்தது. நிம்மதியாக வேறு வேலை பார்க்கப் போய்விட்டான்.

அதற்கப்புறம் ஒருநாள் மாலை தாரணியை அழைத்துப்போக வந்தவன், மூன்றாவது மாடி வாசலில் நின்றான். உள்ளே வட்டம் நடந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு என் கை புடிச்சாங்க," என்றாள் ஒரு சின்னப்பெண். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஜெனிட்டா. "சொட்டு மருந்து வேகத்தக் கூட்டி வெக்கப் போனனுங்க. கொறைக்கோணும்."

"நல்லாச் சொன்னீங்க."

பரிதிக்குச் சிரிப்பும் பெருமையுமாக வந்தது. வண்டியில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டான்.

"தாரணி, கேட்டியா? முன்னாடி 'புடிச்சுது'ன்னு சொன்னாங்க. இப்ப 'புடிச்சாங்க'. என் மெஷினுக்கும் ஒரு மரியாதை குடுத்துட்டாங்க பாரு உங்க ஊர்க்காரங்க."

"அப்படியா சொன்னாங்க?"

"நாலு பேரு சொன்னாங்க. நாலு பேரும் 'ஆங்க'."

"நாங்க நாயக்கூட வாங்க போங்கன்னுதானுங்களே சொல்லுவோம்," என்றாள் தாரணி. ஆனால் அவள் மனது அதில் இல்லை. ஜன்னல் வழியே காலிங்கராயன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "ஏனுங்க, ஆடி நோம்பி வருது."

"ம்."

"ஐயா கரூர்லயும் சேலத்துலயும் புது ஆஸ்பத்திரி கட்டறாங்க. எல்லாத்துக்கும் காப்பு வாங்கப் போறாங்களாம். மார்க் பலகையோட. உங்க கம்பெனியில கேட்டிருப்பாங்களே."

கேட்டிருந்தார்கள். பரிதியின் மேலாளர் அன்று காலைதான் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பலகை இல்லாத காப்பை வாங்குவதற்கு ஆள் குறைவு. பலகையோடு என்றால் வரிசையில் நிற்கிறார்கள்.

"நீ நிஜமாவே போயிடுவியா தாரணி?"

"மார்க் வந்தா, இந்தப் புள்ளைங்க மறுபடி பஞ்சு வெப்பாங்க. அதப் பாத்துக்கிட்டு நான் தலைவின்னு ஒக்காந்திருக்க மாட்டனுங்க." அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். "உங்க காப்பு நல்லதுங்க. எனக்கு அது மேல கோவமே இல்ல. கைய புடிக்கறதுக்கு செஞ்சத கைய ஒடைக்கறதுக்கு வெக்கறாங்க பாருங்க, அதுதான் வெசனமா இருக்குது."

பலகை வேண்டாம் என்று சென்னியப்பனிடம் பரிதி சொன்னால் நிறுவனத்துக்கு நஷ்டம். சொல்லாவிட்டால் பக்கத்தில் சாய்ந்திருக்கிறவளுக்கு நஷ்டம். ஒரே ஒரு வழிதான் அவனுக்குத் தெரிந்தது. சென்னியப்பன் மூன்றாவது மாடியைப் பார்வையிட வரும் நாளில் காப்பு எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று காட்டிவிட வேண்டும். அதில் மனம் குளிர்ந்து, பலகையை அவர் மறந்தாலும் மறக்கலாம்.

நோம்பிக்குச் சில வாரம் இருக்கும்போதே அந்த நாள் வந்தது. சென்னியப்பன் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக மூன்றாவது மாடிக்கு வந்தார். பின்னால் தாரணி. அந்த மாடிக் காப்பு ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு பரிதி. மரகதமும் கவியரசும் ஒதுங்கி நின்றார்கள்.

"மத்த மாடியெல்லாம் சுழியம்," என்றார் சென்னியப்பன். "இங்க மட்டும் தெனமும் யாருக்காவது கை தவறுது. நீங்களே உங்க வாயால சொல்றீங்க. நான் என்னன்னு எடுத்துக்கறது தாரணி?"

"இங்க சொல்றாங்கன்னு எடுத்துக்கலாமுங்க ஐயா."

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்குது." அவர் பரிதியின் பக்கம் திரும்பினார். "தம்பி, இத்தன நாளா வாங்கி வெச்சிருக்கறன், மெஷின் புடிக்கறத ஒருநாளும் என் கண்ணால பாத்ததில்ல. காட்டுங்க பாக்கலாம். என் கையிலயே காட்டுங்க."

சொல்லிவிட்டுக் காலியாகக் கிடந்த படுக்கையில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டார். பரிதிக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. மேஜையில் இருந்த நோயாளிப் பட்டைகளில் உபரியாக இருந்த ஒன்றை எடுத்து அவர் மணிக்கட்டில் கட்டினான். பாப்பாத்தி என்று அச்சடித்த பட்டை. காளிமுத்து என்ற பெயர் ஒட்டிய ஒரு சிரிஞ்சை எடுத்துக்கொண்டான். ஊசிமுனை இல்லை, உள்ளே வெறும் உப்புத் தண்ணீர்.

"பாருங்க ஐயா. இது காளிமுத்துவோட மருந்து. நான் இதைப் பாப்பாத்தியம்மா கையில போடப் போறேன். காப்பு விடாது."

சிரிஞ்சை மெல்ல அவர் கைப்பக்கம் கொண்டுபோனான். காப்பு இறுக்கவில்லை. வேகம் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் நெருங்கினான். இறுக்கவில்லை. கை அவர் தோலைத் தொட ஒரு விரல்கடை இருக்கும்போது, யாரோ அவன் மணிக்கட்டைக் கப்பென்று பிடித்தார்கள்.

"இருங்க சார். அது காளிமுத்து ஐயாவுக்குப் போறதுங்க. இவங்க பாப்பாத்தியம்மா."

ஜெனிட்டா. மருந்து அலமாரியிலிருந்து தட்டோடு வந்தவள். நடப்பது செய்துகாட்டல் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் பட்டையிலிருந்த பெயரும் சிரிஞ்சிலிருந்த பெயரும்தான். பேசி முடித்த பிறகே படுக்கையைப் பார்த்தாள். பாப்பாத்தியம்மாவுக்கு முறுக்கிய மீசை இருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. முகம் வெளுத்துப்போயிற்று. ஆனால் பரிதியின் கையை விடவில்லை.

சென்னியப்பன் படுத்தபடியே கேட்டார். "நான் யாருன்னு தெரியுதா அம்மிணி?"

"தெரியுதுங்க ஐயா. ஆனா பட்டைல பாப்பாத்தின்னுதானுங்களே போட்டிருக்குது."

"தெரிஞ்ச பொறவும் அவரு கைய விடலியே நீ."

"அவரு இன்னும் சிரிஞ்ச கீழ வெக்கிலீங்களே ஐயா."

கவியரசு சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பரிதி சிரிஞ்சைத் தட்டில் வைத்தான். அவள் அப்புறம்தான் கையை எடுத்தாள்.

சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார். "அந்தப் புள்ள கை வந்துருச்சு. உங்க காப்பு எங்க தம்பி?"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. நிஜ நோயாளி இல்லாததால் காப்புக்குப் புரியவில்லை என்று சொல்லலாம். உப்புத் தண்ணீர் மருந்தில் சேர்த்தியில்லை என்று சொல்லலாம். மருத்துவராக இருந்தாலும் கருவியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், நம்பிவிடுவார். கரூர், சேலம் எல்லாம் பத்திரமாக இருக்கும். பரிதி தாரணியைப் பார்த்தான். அவள் ஒன்றும் கேட்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்நாள் வட்டத்தில் யாரும் வாய் திறக்காதபோது அவள் எப்படி நின்றாள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

"இறுக்கலை ஐயா," என்றான். "ஏன்னு இப்பவே பாக்கறேன்."

பையிலிருந்த சிறு கணினியை எடுத்துத் தேடினான். கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"காப்புக்கு ரெண்டு நிலை இருக்கு. புது ஆஸ்பத்திரிக்குப் போனா முதல்ல பயிற்சி நிலையில இருக்கும். பாத்துக் கத்துக்கும், கையைப் பிடிக்காது. கோடைமழையில மின்னல் விழுந்துச்சே, அன்னைக்கு எல்லாம் அணைஞ்சு எரிஞ்சதுல மறுபடி பயிற்சி நிலைக்குப் போயிடுச்சு. அதுலயும் பச்சைதான் எரியும். நான் பச்சையைப் பார்த்துட்டு விட்டுட்டேன். அன்னைலேர்ந்து இந்தக் கட்டடத்துல எந்தக் காப்பும் யார் கையையும் பிடிக்கலை."

சென்னியப்பனின் முகம் இறுகியது. அவர் பரிதியைத் திட்டவில்லை. திரும்பித் தாரணியைப் பார்த்தார்.

"அப்ப அதுக்கப்பறம் தெனமும் வட்டம் கட்டி நின்னு கை புடிச்சுது, கை புடிச்சுதுன்னு சொன்னதெல்லாம்? எனக்கு நாடகமா காட்டினீங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் ஆட்களைப் பற்றித் தாரணிக்கு ஒரு சந்தேகம் வந்தது; மரகதத்தின் பக்கம் திரும்பினாள். பதில் சொன்னவள் ஜெனிட்டா.

"புடிச்சுதுன்னு சொல்லலீங்க ஐயா. புடிச்சாங்கன்னு சொன்னமுங்க."

"யாரு புடிச்சாங்க?"

"நேத்து என் கைய மரகதக்கா புடிச்சாங்க. முந்தாநேத்து மரகதக்கா கைய நான் புடிச்சன்."

"என் கைய கவி புடிச்சானுங்க, போன வாரம்," என்றாள் மரகதம். "பழைய நெனப்புல வேற படுக்கைக்குப் போயிட்டேன்."

"என் கைய பாப்பாத்தியம்மாவே புடிச்சாங்க," என்றான் கவியரசு. "'தம்பி, காலைல குடுத்தது மஞ்ச மாத்திரையாச்சே, இதென்ன வெள்ளையா இருக்குது'ன்னாங்க. அவங்க சொன்னதுதானுங்க சரி."

பரிதிக்கு இப்போதுதான் அந்தச் சொல் சரியாகக் காதில் விழுந்தது. ஆங்க. நாலு பேரும் ஆங்க. ஊர்ப் பழக்கம் என்று நினைத்தான். தன் மெஷினுக்குக் கொடுத்த மரியாதை என்று நெஞ்சு நிமிர்த்தினான். அவர்கள் ஒரு சொல்லைக்கூட அலங்காரமாகச் சொல்லவில்லை. பிடித்தவர்கள் மனிதர்கள். அதனால் பிடித்தார்கள் என்றார்கள்.

"காப்பு இறுக்கலியேன்னு உங்களுக்குத் தோணவே இல்லியா?" என்று கேட்டான் மரகதத்திடம்.

"முன்னெல்லாம் அது புடிக்கும், அப்பறம் நாங்க பாப்போம். போகப்போக அது புடிக்கறதுக்கு முன்னாலயே நாங்க ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக்கிட்டோமுங்க. அதுக்கு வேலை வெக்கலைன்னுதான் நெனச்சோம். தூங்கிப்போச்சுன்னு தெரியாதுங்க."

சென்னியப்பன் தன் மணிக்கட்டிலிருந்த பாப்பாத்தி பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். ஏதோ கணக்குப் போடுகிறவர் போல. பிறகு நிமிர்ந்தபோது அவர் குரலில் அதட்டல் இல்லை.

"மத்த மாடியெல்லாம் சுழியமா இருந்துதே. காப்பு உசுரோட இருந்தப்பவும் சுழியம். செத்துக் கெடந்தப்பவும் சுழியம்."

பட்டையைத் தடவிய அவர் விரல் நின்றது.

"அப்ப அங்க யாரு கைய யாரு புடிச்சாங்க?"

கேட்டவருக்கே அந்தக் கேள்வி சுட்டது. பரிதி கணினியைத் திருப்பினான். "பயிற்சி நிலையில காப்பு பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கும் ஐயா. எங்கெல்லாம் பிடிச்சிருக்கணும்னு அதுக்குத் தெரியும். இன்னைக்குக் காலைலேர்ந்து எடுத்துப் பாக்கறேன். யாரு, எந்த நர்ஸ்..."

தாரணி அவன் கைமேல் கை வைத்தாள்.

"நர்ஸ் பேரப் பாக்காதீங்க. எந்தப் படுக்கைன்னு மட்டும் பாருங்க."

அவன் அப்படியே பார்த்தான். இரண்டாவது மாடியில் ஒரு படுக்கை. சொட்டு மருந்து வேகம் மாறி ஓடிக்கொண்டிருக்கிறது. சொட்டுக் கருவியே காப்புக்கு அனுப்பிய கணக்கு அது, தசையைப் படிக்காமலே தெரிவது. தாரணி அதைக் கேட்டதும் மரகதமும் ஜெனிட்டாவும் படியிறங்கி ஓடினார்கள். லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டில் பாப்பாத்தி பட்டையோடு, ஊரே மரியாதை வைத்திருக்கும் டாக்டர் சென்னியப்பனும் ஓடினார்.

நேரத்துக்குப் போய்விட்டார்கள். அந்தப் படுக்கையிலிருந்த பெண்மணி, எதற்கு இவ்வளவு கூட்டம் என்று விழித்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் பஞ்சு. சென்னியப்பன் அதைப் பார்த்தார். தான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள் என்பதையும் பார்த்தார். 

"அம்மிணி," என்றார். "சாயங்காலம் மூணாவது மாடில வட்டம் இருக்குதாம். வந்து ஓரமா நில்லுங்க. நானும் வர்றன்."

அன்று மாலை வட்டம் பெரிதாக இருந்தது. மற்ற மாடிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். ஜன்னல் வழியே வெயில் இறங்கி எல்லார் காலடியிலும் கிடந்தது. பரிதி அத்தனை நாளும் வாசலோடு நின்றவன். இன்று உள்ளே வந்து நின்றான். எட்டு வருடம் இந்த ஊரில் இருந்தும் அவன் வாய்க்கு வராத மரியாதை அன்று வந்தது.

"மின்னல் விழுந்த அன்னைக்குப் பச்சையைப் பார்த்துட்டு, காப்பு நிஜமா கையைப் பிடிக்குதான்னு ஒரு தடவை போட்டுப் பாக்காம விட்டது நாந்தாங்க. இன்னைக்கு என் கை புடிச்சாங்க. ஜெனிட்டா புடிச்சாங்க."

பிறகு, "நல்லாச் சொன்னீங்க," என்றாள் மரகதம். அவளைத் தொடர்ந்து ஒவ்வொருவராக. அந்தக் குரல்களுக்குள் ஒரு கட்டைக்குரலும் இருந்தது. சென்னியப்பனுடையது.

"அடுத்து என்ன பண்ணலாமுங்க?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டான் கவியரசு.

"தினமும் காலைல வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னால, வெறும் தண்ணி சிரிஞ்ச வெச்சு காப்பு புடிக்குதான்னு பாத்துட்டு ஆரம்பிக்கலாமுங்க," என்றது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல். இரண்டாவது மாடி நர்ஸ். மணிக்கட்டில் இப்போது பஞ்சு இல்லை.

தாரணி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்புறம் கணவனைப் பார்த்தாள். கல்யாணத்தன்று மணவறையில் அவன் கையைப் பிடித்தபோதுகூட அவள் இவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை என்று பரிதிக்குத் தோன்றியது.

லிப்ட் பக்கத்துப் பலகையை மறுநாள் கழற்றினார்கள். சுவரில் சதுரமாக ஒரு வெள்ளை அச்சு மட்டும் மிச்சம். சுகந்தியின் வீட்டுக்குச் சென்னியப்பனே நேரில் போய்த் திரும்ப வரச் சொன்னார். என்ன பேசினார் என்று இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் வந்தாள். கரூருக்கும் சேலத்துக்கும் பலகை இல்லாத காப்பே வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதும் அவர்தான். பரிதியின் மேலாளர் நாலு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, சென்னியப்பன் போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பலகை இல்லாததே அதிகம் விற்கிறது என்று தெரிந்ததும் இறக்கிக்கொண்டார்.

காப்புகளைப் பயிற்சி நிலையிலிருந்து பரிதி எழுப்பினான். அதற்கு முன் மூன்றாவது மாடிக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டான். "இது இல்லாமயே நீங்க பாத்துக்கிட்டீங்க. மறுபடி வேணுமா?"

"என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க," என்றாள் மரகதம். "ஒறம்பரைன்னு சொந்தபந்தம் வந்தா வீட்டுல எடம் இல்லைன்னா சொல்லுவோம்? ஒரு கை எச்சா, கூடுதலா இருந்தா நல்லதுதானுங்க."

ஆடி நோம்பிக்கு முந்தினநாள். மாவிளக்குக்கு மாவு இடிக்க வேண்டும் என்று பாதிப் பேர் சீக்கிரம் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்கள். பரிதி வழக்கம்போலத் தாரணியை அழைத்துப்போக வந்து வாசலில் நின்றான். வட்டம் முடியப்போகிற நேரம்.

"இன்னிக்கு என் கை புடிச்சாங்க," என்றாள் ஜெனிட்டா.

"நல்லாச் சொன்னீங்க. யாரு புடிச்சாங்க கண்ணு? மரகதமா?" என்றாள் தாரணி.

"நான் இன்னிக்கு அவ பக்கமே போகலீங்களே," என்றாள் மரகதம்.

கவியரசும் இல்லை என்று தலையாட்டினான். எல்லாரும் ஜெனிட்டாவைப் பார்த்தார்கள். அவள் மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். சாம்பல்நிற வளையலில் சின்னதாகப் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"இவங்கதானுங்க," என்றாள்.